உன் கால்கள், என் கால்கள்

அன்று மதுரையிலிருந்து திரும்பும் வழியில், பெருமாள்மலையில் பஸ் நின்றபோது, "உனக்கு இந்த மாதிரி ஏதும் உண்டா பிள்ள?" என்று நீ கேட்டாய். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றேன். சொல்லாமல் விட்டது இது: அதற்கு முந்தைய வாரம் ஒரு காலையில், கொடைக்கானலில் என் வாடகை அறையில் நான் கண் விழித்தபோது என் கால்கள் எழவில்லை. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை, கிள்ளினால் தெரிந்தது. எழு என்றால் மட்டும் கேட்கவில்லை. போர்வைக்குள் அவை வேறு யாருடைய கால்களோ போலக் கிடந்தன. வெகுநேரம் கழித்துக் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, பள்ளிக்கூடம் போய் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கும் நம் வீட்டில் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

இதை இப்போது எழுத வைத்தது ஒரு வாசம். போன வாரம் மறுபடி மதுரைக்குப் போனேன், தனியாக. பெருமாள்மலையில் பஸ் நின்றது. கடை வாசலில் தொங்கிய மலைவாழைத் தார்களின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு சீப்பு வாங்கி, உரித்து, "சாப்பிடுங்கம்மா" என்று ஒரு பழத்தை நீட்டினார். என் கை மடியைவிட்டு எழவில்லை. அது கால் கேட்காத மாதிரி அல்ல. வெறும் பயம்.

ரத்தமும் சிறுநீரும் கொடுத்து, ஸ்கேனும் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனில் சொல்வதாக டாக்டர் சொன்னார். போன் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. அது அடிப்பதற்குள் உன்னோடு பேசிவிட வேண்டும் என்று இருக்கிறது. நீ போன பிறகு இதைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் கால்கள் வராத முதல் விடியலை நான் மறக்கவில்லை. நீ பன்னிரண்டாம் வகுப்பு. மன்னவனூர்ப் புல்வெளி முழுக்க உறைபனி வெளுத்துக் கிடந்த மார்கழி. முந்தின நாள் சாயங்காலம் இருட்டும்வரை பந்து விளையாடிவிட்டு வந்து, சட்டிச் சோற்றையும் காலி செய்துவிட்டுப் படுத்தவன் நீ.

"ஏலே, எந்திரிடா. வெள்ளனே தண்ணி பாய்ச்சலேன்னா பூண்டு கருகிப் போகும்" என்றார் அப்பா.

"கால் வரலப்பா."

"கால் எங்கடா போச்சு? சந்தைக்கா?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு நீ சிரிப்பதை நிறுத்தியதும் அப்பா போர்வையை விலக்கி உன் முழங்காலைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் தொப்பென்று விழுந்தது. அம்மா பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சி உன் தொடையிலிருந்து பாதம்வரை தேய்த்தாள். கணப்புச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மத்தியானம் நீ எழுந்து நடந்தாய். "பனி புடிச்சிருக்கு" என்றது ஊர். மலையில் எல்லாவற்றுக்கும் பனி ஒரு காரணம். விரல் மடங்கினாலும், பால் திரிந்தாலும். பூண்டு எண்ணெய் தேய்த்ததும் கால் வந்ததால் எண்ணெய்தான் மருந்து என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும் உனக்கு எண்ணெய்தான் தேய்த்தார்கள்.

மற்றவை நம் கண் முன்னாலேயே இருந்தன. நீ சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததும், விடியுமுன் பலமுறை கொல்லைப்பக்கம் போனதும், உப்புக் கல்லை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்ததும், உன் வயசுப் பையன்களின் தோளுக்கே நீ வளர்ந்ததும். "இவன் குடிக்கிற தண்ணிக்கு ஒரு பாத்தி கேரட்டு வெளையும்" என்பார் அப்பா. யாரும் இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது நான் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தாலும் கை நின்றுவிடுகிறது. தாகத்துக்குத்தான் எடுத்தேனா?

கைகளும் கழுத்தும்கூடத் தளர்ந்துபோய், மூச்சுக்கே நீ திணறிய அந்தக் காலையில்தான் பனி என்ற பேச்சு நின்றது. ஜீப்பில் கொடைக்கானல், அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. நானும் அப்பாவும் உன் கூட வந்தோம். நீ தேறி உட்கார்ந்த பிறகு சிறுநீரக டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காலுக்கு ஒண்ணும் இல்ல. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு. கிட்னி அதைப் பிடிச்சு வைக்காம வெளிய விட்டுருது. கால்சியமும் அப்படித்தான். எலும்புல இருந்து கரைஞ்சு போகுது. போற வழியில கிட்னிக்குள்ளேயே சுண்ணாம்பாப் படியுது."

ஸ்கேன் படத்தில் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு புல்லுல பனி விழுந்த மாதிரி இருக்குல்ல?" என்றாய். அப்பா உன்னை முறைத்தார்.

"அப்பா அம்மா சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொந்தந்தான் சார். என் அக்கா மகளத்தான் கட்டுனேன். வெளிய பொண்ணு எடுக்குற வழக்கமே எங்க வீட்ல கெடையாது." நம் பூண்டின் காரத்தைப் பற்றி வியாபாரியிடம் சொல்வாரே, அதே பெருமையோடு சொன்னார். டாக்டர் தாளில் அப்பாவுக்கு ஒரு கட்டம், அம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டு, நடுவில் இரண்டு கோடு இழுத்தார். கீழே உனக்கு ஒரு கட்டம். அதை மையால் நிரப்பினார். பக்கத்தில் எனக்கு ஒரு வட்டம். அதை நிரப்பாமல் பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டே, "தங்கச்சிக்கும் ஒருக்கா பாத்துருங்க" என்றார்.

"அதுக்கு என்ன சார், அது நல்லாத்தான் இருக்கு."

படி இறங்கும்போது அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் பாக்கப் போய், நாளைக்கு வெளிய தெரிஞ்சா…" முடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதிதான் அண்ணே. அந்த வட்டம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நல்ல வருஷங்கள். காலையும் மாலையும் பொட்டாசியம் சிரப். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, "கடல் தண்ணியில துருப்பிடிச்ச ஆணிய ஊறப்போட்டுக் குடுக்குறாங்க" என்பாய். டாக்டர் வாழைப்பழமும் இளநீரும் நிறையச் சேர்க்கச் சொல்லியிருந்தார். அப்பா கொடைக்கானல் வரும்போதெல்லாம் பெருமாள்மலைவரை போய் மலைவாழைத் தார் வாங்கி வந்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார். தைப்பூசத்துக்கு அம்மா உனக்காகப் பழனிக்கு நடந்து போய்ப் பஞ்சாமிர்தம் கொண்டுவருவாள். அதுவும் அதே மலைவாழைதானே. சாமியும் டாக்டரும் ஒரே மருந்தைச் சொல்வதாக அவளுக்குப் பெரிய திருப்தி. "என்னையப் பிழிஞ்சாலே பஞ்சாமிர்தந்தாம்மா வரும். பழனிக் கடைக்காரன்ட்ட நல்ல வெல கேளு" என்று நீ அவளைச் சீண்டுவாய். "வாயக் கழுவுடா" என்பாள், சிரித்துக்கொண்டே.

கால்கள் திரும்பி வந்துவிட்டன. நீ பிக்அப் ஓட்டினாய். கேரட் மூட்டை இறக்கிவிட்டு என் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, "டீச்சரம்மா இருக்காங்களா? பையனச் சேக்கணும். வயசு இருபத்தஞ்சு, இன்னும் அ ஆ தெரியாது" என்று வாட்ச்மேனிடம் கேட்பாய். அவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

பிறகு உன் முகம் காலையில் வீங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் அரித்தது. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றாய். தை மாதம் நாம் இருவர் மட்டும் மதுரைக்குப் போனோம். அப்பாவிடம் வழக்கமான செக்கப் என்று சொன்னாய்.

டாக்டர் தாளைப் பார்த்தார். படிந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தைத் தழும்பாக்கிவிட்டது என்றார். இனி அதற்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளவும் வலு இல்லை. கையில் சின்ன ஆபரேஷன் செய்து டயாலிசிஸுக்கு வழி செய்ய வேண்டும், சீக்கிரம்.

"இனிமே வாழைப்பழம் வேணாம். எளநி வேணாம். அந்தச் சிரப்பையும் இன்னையோட நிறுத்திருங்க."

"சார், நீங்கதான சாப்பிடச் சொன்னீங்க?"

"அப்ப உங்க கிட்னி ஒழுகுச்சுப்பா. இப்ப அடைச்சுக்கிச்சு. பொட்டாசியம் உள்ளேயே தங்குது."

"கொறைஞ்சப்ப கால் வரல. கூடுனா?"

"கூடுனாலும் கால் வராது." அவர் தாளை மடித்து வைத்தார். "அதோட நிக்காது. இதயம் நின்னுரும். உடம்பு தளர்ற மாதிரி இருந்தா எதையும் வாயில போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும்."

"பூண்டு அறுவடைய முடிச்சுட்டு வந்துர்றேன் சார்" என்றாய் நீ. அவர், "பூண்டு காத்துக்கிருக்கும், இது காத்துக்கிருக்காது" என்றார். நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். எதையும் ஒத்துக்கொள்ளாத தலையாட்டல் அது.

வெளியே வராந்தாவில் நீ சிரித்தாய். "பாத்தியா பிள்ள, மேல போற பஸ்ஸும் கீழ போற பஸ்ஸும் ஒரே மாதிரி இருக்கு. போர்டப் பாத்துத்தான் ஏறணுமாம். உள்ள உக்காந்திருக்கிறவனுக்குப் போர்டு எப்படித் தெரியும்?"

நான் நிறையப் படிக்கிறவள் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் அதை எழுதவில்லை. இவ்வளவு பயமாகவும்.

பஸ் மலை ஏறியது. பெருமாள்மலையில் பழ வாசம் வந்ததும், பழக்கத்தில் உன் கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு அங்கேயே நின்றது. அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த வளைவில் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கி, கீழே போகிற பஸ்ஸை மறித்திருப்பாய். அது தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. சொல்லாதவரை அது குளிராக இருக்கலாம். "ஒண்ணுமில்லேன்னா சரி" என்று நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாய். அன்று முழுவதிலும் உன் முகம் இறுக்கம் விட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

வீட்டில் பழம் வேண்டாமாம் என்று மட்டும் நீ சொன்னாய். "அதே டாக்டரா சொன்னாரு?" என்று அம்மா நம்பாமல் கேட்டாள். தாரை இறக்கி மாட்டுக்குப் போட்டாள். சிரப்பை நீயாகக் குடிக்காமல் விட்டாய். ஏன் என்று சொல்லவில்லை. உனக்கு உடம்பு தேவலை, அதனால் மருந்து குறைந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய மருந்தை நம் வீட்டில் யார் கொட்டுவார்கள்? அது அலமாரியிலேயே இருந்தது.

மாசியில், பூண்டு எடுத்து முடிகிற சமயம், ஒரு விடியலில் உன் கால்கள் வரவில்லை.

அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா எண்ணெய் காய்ச்சட்டுமா என்றாராம். நீதான், "பழசுதான்மா. அந்தச் சிரப்ப எடு, வெரசா" என்றாயாம். அவள் மூடியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். போதாது என்று நீ இன்னொன்று கேட்டிருக்கிறாய். டாக்டர் சொன்னது உன்னைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நீ எப்படி மறந்தாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். மறந்திருக்க மாட்டாய். வருஷக்கணக்காக அந்தத் தளர்ச்சிக்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த நேரத்தில் ராட்சசனாக எழுந்து நிற்கும் பயத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம் கேட்ட பேச்சா நினைவில் நிற்கும்? எத்தனையோ முறை உன்னை எழுப்பி நடக்க வைத்த பாட்டில் அது. உன் கை அதைத்தான் தேடியது. நானாக இருந்தாலும் அதைத்தான் தேடியிருப்பேன்.

உன்னை உன் பிக்அப்பில்தான் ஏற்றினார்கள். பூம்பாறை தாண்டியதும் நீ பதில் சொல்வதை நிறுத்திவிட்டாய் என்றார் அப்பா. கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றிருந்தேன். வண்டி வந்தது. அப்பா இறங்கவே இல்லை, உன் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

சிரப்பினாலா என்று அங்கிருந்த டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "பொட்டாசியம் ஏற்கனவே கூடித்தான் இருந்திருக்கும்மா. அதனாலதான் காலே போயிருக்கு" என்றார். சிரப் அதை இன்னும் எவ்வளவு கூட்டியது என்று நான் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அடுப்படியில் அம்மா என்னிடம் கேட்டாள்: "நான் இன்னும் கொஞ்சம் வெரசாக் குடுத்திருந்தா பொழச்சிருப்பான்ல? மூடி தொறக்கவே வரல. பிசுபிசுன்னு ஒட்டிக்கெடந்துச்சு."

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

இன்னும் கேட்கிறாள். இன்னும் அதையேதான் சொல்கிறேன். நீ இருந்திருந்தால் வேறு எப்படிச் சொல்லியிருப்பாய்?

அதற்குப் பிறகு எனக்கும் சில காலைகள் அப்படி வந்தன. கண்ணைத் திறப்பதற்கு முன்பே கால் விரல்களை அசைத்துப் பார்க்கிறேன். அசைந்தால் அன்றைய நாள் தொடங்குகிறது. அசையாவிட்டால் ஓட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். உன்னிடம் பாட்டில் இருந்தது, தவறானதாக இருந்தாலும். என்னிடம் அதுவும் இல்லை. தட்டில் ஒரு பழம் இருந்தால் அது எனக்கு மருந்தா விஷமா தெரியாது. சாப்பிடவும் பயம், சாப்பிடாமல் விடவும் பயம். ஆசிரியர் அறையில், "என்ன டீச்சர், டயட்டா?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

அப்படியே இருந்திருப்பேன். போன மாதம் அம்மா போனில் சொன்னாள்: "ஒன் மாமா வந்துட்டுப் போனாரு. தை பொறந்தா பேசி முடிச்சுருவோம்ங்கிறாரு. வெளிய எதுக்கு, நம்ம பயதான? கூப்பிட்ட கொரலுக்கு வருவான்." மாமா மகன் நல்லவன்தான். உன் பிக்அப்பை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். ஆனால் அம்மா பேசிக்கொண்டே இருக்க, டாக்டர் தாளில் இழுத்த இரண்டு கோடுகள்தான் என் கண்ணில் நின்றன. அவற்றுக்குக் கீழே இன்னொரு கட்டம். இன்னொரு வட்டம். மார்கழிப் பனியில் யாரோ ஒரு பிள்ளையை எழுப்பி, "ஏலே, கால் எங்க போச்சு?" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

பள்ளியில் சொந்தச் சோலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போனேன். டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அண்ணன் எப்படி இருக்காரு?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "நீ அன்னைக்கே வந்திருக்கணும்மா" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. "எனக்கும் கால் வரல சார். நாலஞ்சு தடவ ஆயிருச்சு" என்று முதல்முறையாக ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன். வெளியே பெஞ்சில் என் பெயரைக் கூப்பிடக் காத்திருந்தபோது, நீ பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கையாக எதையாவது சொல்வாய் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆறுதல் இல்லை. உன் பயந்தான் மிஞ்சியிருக்கிறது, நீ சிரித்துச் சிரித்து மூடிவைத்தது. அதை நீ தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. இவ்வளவு கனமானதை வைத்துக்கொண்டு எப்படி அந்த வாட்ச்மேனைச் சிரிக்க வைத்தாய்?

இதுவரை எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் போன் வந்தது. எனக்கும் இருக்கிறது. பொட்டாசியம் குறைவு. சுண்ணாம்பு படியத் தொடங்கியிருக்கிறது. சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது. பள்ளி விட்டதும் மன்னவனூர் பஸ் ஏறினேன். அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கும் இருக்கிறது, மாமா மகனைக் கட்ட மாட்டேன் என்று சொன்னேன்.